ஆற்றங்கரை வீடு

வீட்டுக்காரர்: ...ஆமாவா இல்லையான்னா எப்படிம்மா சொல்றது? எந்தத் தலைவர்? எந்தச் சட்டம்?

வந்தவள்: பொதுவாத்தான் சார் கேக்கறேன். ஒரு தலைவருக்குப் பிடிக்காத சட்டம்னா, அதுக்கு அவரும் கட்டுப்படணுமா?

வீட்டுக்காரர்: பொதுவா... நம்ம தலைவர் ஆத்தங்கரையில கட்டியிருக்கற வீட்டைத்தானே சொல்றே?

வந்தவள்: நான் யாரையும் சொல்லலையே.

மனைவி: ஏங்க, வாசல்ல யாரு?

வீட்டுக்காரர்: கருத்துக் கேக்க வந்திருக்காங்க.

மனைவி: உங்க கருத்தையா? வீட்டுக்குள்ளயே யாரும் கேக்கறதில்லையே.

வீட்டுக்காரர்: நீ சும்மா இரு. ஏம்மா, உன்னை அனுப்பினது யாரு? அட்டை கிட்டை இருக்கா?

வந்தவள்: அது... எடுத்துட்டு வர மறந்துட்டேன்.

மனைவி: தெருத்தெருவா சுத்தறவ செருப்பு மாதிரி இல்லையே அது. புத்தம் புதுசு.

வீட்டுக்காரர்: போன்ல பதிவு பண்றியா?

வந்தவள்: இல்ல சார், இந்தாங்க, பாருங்க.

வீட்டுக்காரர்: சரி... மத்த வீட்டுல என்ன சொன்னாங்க? அவர் பக்கமா?

வந்தவள்: அதெல்லாம் சொல்லக்கூடாது. நீங்க ஏன் அதையே...

வீட்டுக்காரர்: சும்மாதான்.

வந்தவள்: நான் வர்றேன் சார்.

வீட்டுக்காரர்: நில்லும்மா. சொல்றேன். கரையில யாரும் வீடு கட்டக்கூடாதுன்னு சட்டம் வந்தப்பவே அவர் எதிர்த்தார். எதிர்க்கட்டும். ஜெயிச்சு வந்து மாத்தட்டும். என் தங்கச்சி வீடும் கரையிலதான் இருந்துச்சு. அவளுக்கும்தான் அந்தச் சட்டம் பிடிக்கல. விட்டாங்களா?

வந்தவள்: இடிச்சுட்டாங்களா?

வீட்டுக்காரர்: தரைமட்டம்.

வந்தவள்: அப்ப, அவரும் கட்டுப்படணும்ங்கறீங்க.

வீட்டுக்காரர்: எழுதிக்க.

மனைவி: எழுதாதேம்மா. இவர் வேலைக்கு உலை வச்சிடாதே.

வந்தவள்: என்ன வேலை?

மனைவி: அதெல்லாம் உனக்கு எதுக்கு?

வீட்டுக்காரர்: விடு, தெரிஞ்சா தெரியட்டும். கட்டடம் இடிக்கிற வண்டி ஓட்டறேன்மா. தங்கச்சி வீட்டை இடிச்சதே நான்தான். இன்னைக்கு வரைக்கும் அவ என் முகத்துல முழிக்கறதில்லை. நாளைக்கு நம்ம தலைவர் வீடு. கோர்ட்டு உத்தரவு. ஊரே திரண்டு வந்து வண்டியை மறிக்கும்னு பேசிக்கிறாங்க. அதான் கேட்டேன்... எனக்கு முன்னாடி யார் யார் வந்து நிக்கப்போறாங்கன்னு.

வந்தவள்: இந்தத் தெருவுல யாரும் வரமாட்டாங்க அண்ணே. நீங்க சொன்னதைத்தான் எல்லாரும் சொன்னாங்க. கதவைப் பாதி சாத்திக்கிட்டு.

மனைவி: அவ பேச்சை நம்பாதீங்க.

வீட்டுக்காரர்: இரு... நீ யாரும்மா?

வந்தவள்: அவரோட பொண்ணு. ஊரே நம்ம பக்கம்தான், நீ முதல் ஆளா வண்டி முன்னாடி நில்லுன்னு அப்பா சொன்னார். அது நிஜமான்னு பார்க்கத்தான் வீடு வீடா ஏறி இறங்கினேன்... நான் நிக்கமாட்டேன் அண்ணே. நீங்க வண்டியை எடுத்துட்டு வாங்க.