நடுவில் நான்கு வரிகள்

சுக்குக் காப்பி கொடுத்தால்தான் எங்கள் இலக்கிய மன்றத்துக்கு ஆள் வரும், இன்ஸ்பெக்டர் ஐயா. சங்கரன்கோவில்காரர்களுக்குத் தமிழ்மேல் அவ்வளவு பிரியம். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதர். சுதந்திரம் வந்த கையோடு மன்றம் தொடங்கிய மாதப் பத்திரிகைக்கும் நானே ஆசிரியர்.

என் முறை எளியது. கதையின் வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, ஒன்று மற்றதற்குக் காரணமா, விளைவா, மறுப்பா என்று கோடு போட்டு இணைப்பேன். கோடு போட முடியாத இடத்தில் எழுதியவர் எதையோ மறைக்கிறார். இதை இரண்டு வருஷமாக விளக்கினேன். கொட்டாவிதான் கிடைத்தது.

ஜவுளிக்கடை ராஜதுரையின் மனைவி ஞானபூரணம் ஒரு கதை அனுப்பினாள். மாமியாரும் மருமகளும் கிணற்றுக்குப் போகிறார்கள். மருமகள் மட்டும் திரும்புகிறாள். ஞானபூரணத்தின் மாமியார் போன வருஷம் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்தது ஊரறிந்த சங்கதி. கதை அருமை. ஒரு வாக்கியத்தைக்கூட உருவ முடியாது. அதுதான் எனக்குச் சங்கடம். ஓட்டையே இல்லாத கதையை வைத்துக்கொண்டு என் முறையை எப்படி விளக்குவது?

நடுவில் நான்கு வரிகளை அடித்துவிட்டு, வேறு தாளில் பெயர்த்தெழுதி அச்சுக்குக் கொடுத்தேன். அவள் கையெழுத்துப் பிரதி வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று.

கூட்டத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். அச்சான இதழை இன்னும் பார்க்காத அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ‘இருவரும் கிணற்றடிக்குப் போனார்கள்’ என்று பலகையில் எழுதினேன். அதன் கீழே, ‘அவள் தனியாகத் திரும்பினாள்.’

“இதுக்கும் அதுக்கும் நடுவுல என்ன நடந்திருக்கும், ராஜதுரை?”

அவன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஞானபூரணம்தான் எழுந்தாள்.

“அண்ணாச்சி, நடுவுல நாலு வரி எழுதியிருந்தேன்.”

“அச்சுல இல்லையேம்மா.”

“நீங்க வாசிச்சீகல்லா. சொல்லுங்க.”

“எழுதுனவுக பொறவு தோணுனதையும் சேத்துச் சொல்லுவாக. ஆராய்ச்சிக்கு அச்சுல உள்ளதுதான் கணக்கு” என்றேன். அன்று ஒருவரும் கொட்டாவி விடவில்லை. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

ராஜதுரை அவளை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. விடிந்தபோது அதே கிணற்றில் மிதந்தாள்.

நான் யாரையும் தள்ளவில்லை, ஐயா. அந்த வரிகள் எனக்கு மனப்பாடம், எழுதிக்கொள்ளுங்கள். ‘மாமியார் கால் வழுக்கி விழுந்தாள். மருமகள் குனிந்து முந்தானையை நீட்டினாள். கிழவி பற்றியதும் சேலை கிழிந்தது. மருமகள் கூப்பிட்ட குரலுக்கு ஒருவரும் வரவில்லை.’

நல்ல வரிகள்தாம். ஆனால் அவை இல்லாமல்தான் கதை அழகாக நிற்கிறது. நீங்களே வாசித்துப் பாருங்கள்.