கீழ்க்காற்றில் ஓடைப் பரண்

காலை ஐந்தேகால் மணிக்கு வேட்டைக் குடிலின் வாசலில் நின்று, காற்றின் திசை பார்க்க எருக்கம்பஞ்சை ஊதிவிட்டேன். வேட்டைக் காலத்தின் முதல் சனிக்கிழமை. ஒவ்வொரு வருடமும் செய்வதுதான். டார்ச் வெளிச்சத்தில் பஞ்சு மெல்ல மேற்கே போயிற்று. காற்று கிழக்கிலிருந்து. கீழ்க்காற்று.

வட விஸ்கான்சினில் நவம்பரில் அது அபூர்வம். பனி விழப்போகிறது என்று அர்த்தம்.

எங்கள் காட்டில் யார் எந்தப் பரணில் உட்காருவது என்று நான்தான் சொல்வேன். எனக்கு முன் என் அப்பா சொன்னார். மான் கண்ணைவிட மூக்கை நம்பும். மனித வாடை அதன் தடத்துக்குப் போகாத இடமாகப் பார்த்து ஆளை உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஓடைப் பரண் எங்களிடம் இருப்பதிலேயே நல்லது. நாலு பக்கமும் பலகை அடைத்து, தேவதாரு மரங்களுக்குள் மறைந்திருக்கும். அதற்கு மேற்கே மான் தடம். தடத்தைத் தாண்டினால் மேட்டுப் பரண். கீழ்க்காற்று அடிக்கும்போது மட்டும் ஓடைப் பரணில் ஆள் இருக்கக் கூடாது. இருந்தால் வாடை தடத்துக்குப் போகும். மான்கள் மிரண்டு மேட்டை நோக்கி ஓடும். மேட்டில் இருப்பவன் சுட்டால், குறி தவறும் குண்டு ஓடைப் பரணுக்குத்தான் போகும். என் பிள்ளைகள் இருவரும் எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டார்கள்.

என் மகன் நெல்ஸ் ஓடும் மானைச் சுடுவான். வேண்டாம் என்று ஒவ்வொரு வருடமும் திட்டுவேன். அன்று திட்டவில்லை.

டெரில் என் மருமகன். அவனைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டான். என் மகள் மாரிட்டை அவன் ஒரு கடுஞ்சொல் சொல்லிக் கேட்டதில்லை. வெளியூர்க்காரன் என்பதால் எங்கள் காற்றுக் கணக்கு அவனுக்குப் பிடிபடவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் மாரிட்டையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு டெக்சாஸ் போவதாகச் சொன்னான். அங்கே நல்ல வேலை. மாரிட் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதை நான் கவனிக்காமல் இல்லை.

என் மனைவி இறந்த பிறகு மாரிட் தினமும் மாலை பண்ணைக்கு வருவாள். பால் கறந்து முடியும்வரை கூட நிற்பாள். அது இல்லாமல் எப்படி இருப்பது என்று யோசித்தேன். தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

அன்று காலை சாப்பிடும்போது டெரில் கேட்டான்.

"மாமா, எனக்கு இந்த வருஷமும் கக்கூஸ் பரண்தானா?"

வடக்கு வயல் பரணுக்கு அந்தப் பெயர். பக்கத்துப் பண்ணைக்காரரின் பழைய கழிப்பறை எதிரே இருக்கிறது.

"ஆமா," என்றேன்.

"அங்க மான் வராது மச்சான்," என்றான் நெல்ஸ். "தூக்கம் நல்லா வரும். குறட்டைய மட்டும் கொஞ்சம் அடக்கு, எனக்கு வர்ற மானும் ஓடிடும்."

"நீ சுடுற அழகுக்கு மான் எதுக்குப்பா ஓடணும்? நின்னு வேடிக்கை பார்த்தாலே போதும்."

மூவரும் சிரித்தோம். நெல்ஸ் மேட்டுக்குக் கிளம்பினான். அவன் டார்ச் வெளிச்சம் மறைந்ததும் டெரிலின் வண்டிக்கு அருகில் போனேன்.

"நீ ஓடைக்குப் போ. நெல்ஸுக்குச் சொல்லாத, கோவிச்சுக்குவான்."

"நெஜமாவா மாமா?"

அந்தப் பரண் இதுவரை ரத்த சொந்தத்துக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அவனுக்கு அது தெரியும். என்னைக் கட்டிக்கொண்டான். காப்பி வாசம் அடித்தது.

மேல்காற்று அடித்திருந்தால் வடக்கு வயலுக்கே அனுப்பியிருப்பேன். அவர்கள் டெக்சாஸ் போயிருப்பார்கள். முடிவை நான் காற்றிடம் விட்டுவிட்டேன். அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

விடிந்து சற்று நேரத்தில் நெல்ஸ் மூன்று முறை சுட்டான். மான் விழுந்தது என்று கூவினான். விழுந்ததை எடுக்கப் போனவன்தான் ஓடைப் பரணின் பலகையில் ஓட்டையைப் பார்த்தான்.

விசாரிக்க வந்த உங்களிடம், டெரிலுக்கு நான் கொடுத்தது வடக்கு வயல் என்றேன். நல்ல பரணுக்கு ஆசைப்பட்டு இடம் மாறியிருப்பான் என்றேன். நெல்ஸ் சாப்பாட்டு மேசையில் கேட்டதைச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. நீங்களும் விபத்து என்று முடித்தீர்கள்.

நெல்ஸ் இப்போது மாட்டுக் கொட்டிலில் படுக்கிறான். கூப்பிட்டால் வீட்டுக்குள் வருவதில்லை. சாப்பாட்டை வாசலில் வைக்கிறேன். ஒரு பிள்ளையை நிறுத்திக்கொள்ள இன்னொரு பிள்ளையின் கையை எடுத்துக்கொண்டேன் என்று நீங்கள் சொல்லலாம். அவனை நான் சுடச் சொல்லவில்லை.

மாரிட் பேத்தியோடு தன் பழைய அறைக்கே வந்துவிட்டாள். மாலையில் என்னோடு நிற்கிறாள். எல்லாம் நான் நினைத்தபடிதான் இருந்தது, நேற்றுவரை.

நேற்றும் பால் கறக்கும்போது நின்றாள். நான் கடைசிப் பசுவுக்கு வந்த பிறகுதான் பேசினாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"டெரில் அன்னிக்கு வண்டியிலேருந்து எனக்கு ஃபோன் பண்ணினாருப்பா. 'உங்கப்பா எனக்கு ஓடைப் பரணைக் குடுத்துட்டாரு, இப்பதான் நான் இந்த வீட்டு ஆளு'ன்னு சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாரு. நான் இதை யார்கிட்டயும் சொல்லல."

பசுவின் மடியிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.

"அப்பா, அன்னிக்குக் காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சுது?"