படியிறங்காத கர்தினால்

— ஐயோ மாதாவே! பிரபுவோட வண்டி வாசலுக்கு வந்திருச்சு. வழிய விடு ஒர்தென்சா, நான் கீழ போகணும்.

— எதுக்கு ஆண்டவரே? ரோமாபுரியில எந்தக் கர்தினாலும் ஒரு பிரபுவுக்காகப் படியிறங்க மாட்டாரு. நீங்கதான் ரொட்டிக்காரன் வந்தாலும் ஓடுறீங்க. ஊரே சிரிக்குது.

— ஓவியக்காரி நீ, உனக்கென்ன தெரியும்? ஆஸ்பத்திரித் தண்ணியத் தன் தோட்டத்து நீரூற்றுக்குக் கேக்க வர்றான். கீழ போய் நின்னா கொஞ்சம் இளகுவான்ல?

— இளகிக் கிழிச்சாரு! போன தடவை கீழ போய் நின்னு ஆஸ்பத்திரியோட திராட்சைத் தோட்டத்தையே அவருக்குத் தாரை வார்த்தீங்க. இன்னைக்குத் தண்ணியும் போனா நோயாளிங்க எதைக் குடிப்பாங்க?

— அதான்மா எனக்கும் கவலை.

— இங்க பாருங்க. உங்க படம். இப்பத்தான் மாட்டினேன்.

— இது... நானா? முகம் என்னுதுதான். ஆனா அண்ணாந்து பாக்க வேண்டியிருக்கே!

— கீழருந்து பாக்குற மாதிரி வரைஞ்சா அப்படித்தான். செவப்பு அங்கி எவ்வளவு எடத்தை அடைச்சிருக்கு பாருங்க. நாற்காலியப் பிடிச்சிருக்கிற அந்தக் கையப் பாருங்க.

— எந்திரிக்கப் போறவன் மாதிரி இருக்கு. ஆனா எந்திரிக்கல.

— அதேதான்! எந்திரிச்சா என்ன ஆகுமோன்னு வர்றவனுக்குத்தான் பயம் வரணும். படத்துக்குக் கீழயே உக்காருங்க. கைய அதே மாதிரி வைங்க. நாவிதன்கிட்ட உக்காந்த மாதிரி குனியாதீங்க. அவரா பேசுற வரைக்கும் வாயே தொறக்கக் கூடாது. நான் திரைக்குப் பின்னாடி இருக்கேன். அதோ, பிரபு வந்துட்டாரு.

— என்ன கர்தினால், வாசல்ல ஒருத்தரையும் காணோம்? ம்? காலு கீலு சுளுக்கிருச்சா?

— ...

— கேக்குறேன்ல? ம்? அது... இந்தப் படம் எப்ப வந்துச்சு? நான்... தண்ணி விஷயமா வந்தேன்.

— தொப்பி, பிரபு.

— ஆங்? மன்னிக்கணும். எடுத்துட்டேன், ஆண்டவரே.

— தண்ணி ஆஸ்பத்திரிக்குத்தான். திராட்சைத் தோட்டமும் திரும்பி வரணும்.

— தோட்டமுமா? ...சரிங்க ஆண்டவரே. கைய நீட்டுங்க, மோதிரத்துல முத்தம் வச்சுட்டுக் கெளம்புறேன்.

— போயிட்டான்! ஒர்தென்சா, வா வெளிய! ஜெயிச்சுட்டோம்! தோட்டத்தை நானாவே கேட்டேன், கவனிச்சியா?

— கவனிக்காம? சத்தம் வந்துருமேன்னு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன்.

— ஒண்ணுதான்மா புரியல. உன் முன்னாடி உக்காந்தப்பல்லாம் நான் நடுங்கிட்டுத்தானே இருந்தேன்? இந்தக் கை, இந்த மிடுக்கு, இதெல்லாம் யாரைப் பாத்து வரைஞ்ச?

— மடிப்பு வரையணும்னு உங்க அங்கியக் கேட்டு வாங்கினேன்ல ஆண்டவரே? அதைப் போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நான் உக்காந்தேன்.