நாலாவது மஞ்சள் கோடு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் சார். உங்கள் ஜீப்பில் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துவிட்டன. மண்ணூரிலிருந்து இந்த ஸ்டேஷனுக்கு வருவதற்குள் என் முதுகெலும்பு ஏழு இடத்தில் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை விட்டீர்கள் என்றால் நானே மாற்றித் தருவேன். இனி விடமாட்டீர்கள். புரிகிறது.

பெயர் நாகப்பன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் நட்டு இறுக்கினேன். இந்த நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதி என் கைவேலையில் ஓடுகிறது. மீதிப் பாதி அதிர்ஷ்டத்தில் ஓடுகிறது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. டார்க் ரெஞ்ச் வைத்து நட்டைத் திருகினால், போதுமான இறுக்கம் வந்ததும் அது 'டிக்' என்று சொல்லும். உடனே மஞ்சள் பெயிண்ட் பேனாவால் நட்டின் மேல் ஒரு கோடு. கோடு விழுந்த நட்டை அப்புறம் ஒருத்தரும் தொட மாட்டார்கள். அவசரமென்றால் எல்லாக் கோட்டையும் முதலில் இழுத்துவிட்டு, பிறகு வரிசையாக இறுக்கிக்கொண்டு வருவோம். மேலே தெரிந்தால் வேலை போய்விடும். ஆனாலும் எல்லோரும் செய்வதுதான்.

கோதண்டம் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் சூப்பர்வைசர் ஆனான், நான் நட்டோடு இருந்தேன். ரிட்டையர் ஆனதும் சிவப்பில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். இரண்டு கதவு, இருபத்தைந்து வயது, தரையோடு தரையாக உயரம். சாலையில் எறும்பு செத்துக் கிடந்தால்கூட ஏறி இறங்கியது இடுப்பில் தெரியும். புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர் எல்லாம் வரவழைத்து என்னையே மாட்டச் சொன்னான். வேறு ஆள் கையில் கொடுக்கமாட்டானாம். என் ஷெட்டில் மூன்று ஞாயிறு ஆனது. அருமையான வேலை சார், படுத்துத் தூங்கலாம் போல ஓடியிருக்கும்.

வேல்ராஜைச் சொல்லாமல் இது விளங்காது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், இருபத்து மூன்று வயது, எங்கள் லைனில் வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன் லைனுக்கு மேலே தொங்கிய மோட்டார் அவன்மேல் விழுந்து செத்துப்போனான். அதைப் பிடித்திருந்த நட்டில் மஞ்சள் கோடு இருந்தது, இறுக்கம் இல்லை. விசாரணையில் கோதண்டம், “கோடு இருந்துச்சு சார், நான் பாத்தேன்” என்றான். கோடு போட்டது யாரென்று எத்தனை முறை கேட்டும் ஞாபகமில்லை என்றே சொன்னான். ஃபைலை மூடினார்கள். சூப்பர்வைசர் அவன். பொறுப்பு அவனுடையது. நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன், ஒன்பது வருஷமும்.

போன ஞாயிறு காலை பத்தரை மணி. வண்டிக்கடியில் நாலு சக்கரத்துக்கும் கோடு போட்டாயிற்று, மூன்றை இறுக்கியாயிற்று. நாலாவதற்கு ரெஞ்சைக் கையில் எடுத்தேன். கோதண்டம் செல்போன் வெளிச்சத்தோடு குனிந்து எட்டிப் பார்த்தான். நாலு கோட்டையும் எண்ணினான். பிறகு சிரித்தான்.

“இன்னாடா நாகப்பா, இந்தத் தபாவாவது இறுக்கிட்டுத்தானே கோடு போட்ட?”

ஒன்பது வருஷத்தில் அவன் அதைப் பற்றி வாய் திறந்தது அப்போதுதான். தோழமையாகத்தான் கேட்டான். நானும் சிரித்தேன்.

“எல்லாம் டைட்டு. எடுத்துக்கினு போ.”

ரெஞ்சைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். அவன் மகள் கலைமதி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். “அங்கிள், ஒரு ரவுண்டு வரீங்களா?” என்று கேட்டாள். முட்டி வலி என்றேன். சீட் பெல்ட் போட்டுக்கொள்ளச் சொன்னது நான்தான். அதனால்தான் அவளுக்கு ஒரு காலோடு போயிற்று. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சேரப்பணஞ்சேரி வளைவில் நாலாவது சக்கரம் கழன்று சாய்ந்ததாம். கோதண்டம் அங்கேயே முடிந்தான். மற்ற மூன்று பக்கமும் பிரமாதமாக வேலை செய்திருக்கும், சந்தேகமே வேண்டாம்.

நாகப்பன் அங்கிள் கோடு போட்டால் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் கலைமதி உங்களிடம் சாதித்தாளாமே. நல்ல பெண். அவள் பேச்சை நம்பி நீங்கள் என்னை விட்டிருப்பீர்கள். நானாகத்தான் வாயைத் திறந்து சொல்கிறேன், வேல்ராஜுக்காகச் செய்தேன் என்று. அவனுக்கென்று கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

வேல்ராஜ் தலைக்கு மேலிருந்த நட்டில் கோடு போட்டது யார் என்று கேட்கிறீர்கள். பேனா என் கையில் இருந்தது, வாஸ்தவம். நடுவில் டீக்கு மணி அடித்தது, அதுவும் வாஸ்தவம். ஆனால் கோடு போட்ட நட்டை இறுக்காமல் விட்டுப் போகிற ஆள் நான் இல்லை சார்.