பந்தை விட்டுப் பெஞ்சைப் பார்த்த கேமரா

ஆயிரம் வேலைகளுக்கு நடுவிலும் அசராமல் இந்த அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! வெயிலையும் மழையையும் ஒரே விசிலால் விரட்டும் விளையாட்டு ஆசிரியர் அவர்களே! முதல் வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் வீட்டு வேலையுமாக, இந்தப் பெண் எப்போது பேசி முடிப்பாள் என்று பெருமூச்சு விடும் என் தாய்மார்களே! தோளில் கேமராவும் கழுத்தில் வயருமாக ஒரு பருவம் முழுவதும் ஓடி உழைத்த நேரலைக் குழுவின் மாணவச் செல்வங்களே! இவர்கள் எல்லாருக்கும் மேலாக, நான் என்ன சொல்லித் தொலைக்கப் போகிறேனோ என்று மூன்றாவது வரிசையில் முகம் வியர்க்க உட்கார்ந்திருக்கும் என் கணவர் அவர்களே! அனைவருக்கும் அன்பு வணக்கம்.

சிரிக்காதீர்கள். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "எல்லாத்தையும் சொல்லிடு. மறைச்சு என்ன ஆகப்போகுது, ஊரே லைவ்ல பாத்தாச்சு" என்று அவரே சொல்லிவிட்டார்.

எனக்கு இன்று கொடுக்கப்பட்ட தலைப்பு 'தன்னார்வத் தொண்டின் தூய்மை'. தலைப்புக் கொடுத்தவர்கள் பொறுத்தருள வேண்டும். தூய்மையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. நான் கடைத்தெருவில் மருந்துக்கடை நடத்துகிறவள். தலைவலிக்கு மருந்து தருவேன், தடுமனுக்கு மருந்து தருவேன். ஆனால் ஒரு நோய்க்கு மட்டும் என் கடையில் மருந்து இல்லை. அந்த நோய் என் வீட்டிலேயே குடியிருந்தது. அதன் பெயர் பொறாமை! இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பருவத் தொடக்கத்தில் பள்ளியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. கால்பந்துப் போட்டிகளை இணையத்தில் நேரலையாகக் காட்ட மாணவர்கள் தயார், கூட நின்று உதவ ஒரு பெற்றோர் வேண்டும் என்றது. வேலைக்குப் போகிற தாய் தந்தையர், மைதானத்துக்கு வர முடியாதவர்கள், இருந்த இடத்திலிருந்தே பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்கலாம். எவ்வளவு நல்ல ஏற்பாடு! எவ்வளவு உயர்ந்த நோக்கம்!

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். உயரம் அவருக்குத் தரை மாதிரி, வயர் அவருக்கு நூல் மாதிரி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நான் போறேன்" என்றார்.

"எதுக்குங்க? லீவு நாள்லகூட உங்களுக்கு ஏறி இறங்கற வேலையா?" என்றேன்.

"இந்த வருஷம் நம்ம பையன்தான் கோல்கீப்பர். அவன் நிக்கறத ஊரே பாக்கணும். அதை நான் எடுக்கணும்."

பார்த்தீர்களா தூய்மையை? விதைக்கும்போதே விதையில் விஷமம் இருந்தது!

கணினி அறையில் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர், இதோ முன்னால் அமர்ந்திருக்கிறாரே, பதினோராம் வகுப்பு மாணவி. இவரை என் கணவர் டைரக்டரம்மா என்றுதான் அழைப்பார். மைதான ஓரத்துக் கூடாரத்தில் கணினியோடு இவர் உட்கார்ந்திருப்பார். குழாய்களால் கட்டிய மேடையின் மேல் கேமராவோடு என் கணவர் நிற்பார். இவர் பேசுவது அவர் காதில் மாட்டிய கருவியில் கேட்கும். எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அணியை அறிவித்தார்கள். என் மகன் மாற்று கோல்கீப்பர்! பெஞ்சில் உட்கார வேண்டியவன்!

முதல் கோல்கீப்பர் யார்? என் கடைக்குப் பக்கத்துக் கடை பேக்கரிக்காரரின் மகன். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் 'சுவர்'. நெடுநெடுவென்று வளர்ந்தவன். கையை நீட்டினால் கம்பத்துக்குக் கம்பம் எட்டும். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை என்று சொல்லும்போதே எனக்குப் பல் கூசுகிறது, என்ன செய்வது! இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். தினமும் காலையில் அந்தப் பக்கத்திலிருந்து ரொட்டி வேகும் வாசம் வரும். எத்தனை ஆண்டுகளாக இனித்த வாசம்! அணி அறிவித்த மறுநாளிலிருந்து அது எனக்குக் கசந்தது. ரொட்டி மாறிவிட்டதா? அடுப்பு மாறிவிட்டதா? மாறியது எது, தாய்மார்களே, மாறியது எது?

ஒத்துக்கொண்ட வேலையை விட முடியாமல் என் கணவர் மேடை ஏறினார். நான் கல்லாவில் கைபேசியைச் சாய்த்து வைத்து ஆட்டத்தைப் பார்த்தேன். பந்து ஓடுகிறது, கேமரா ஓடுகிறது. பந்து எங்கள் கோல் பக்கம் வருகிறது, சுவர் பாய்கிறான். அங்கே கேமராவுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. மெல்ல, மெல்ல, கால் நழுவினவனைப் போல இடது பக்கம் சரிகிறது. அங்கே என்ன இருக்கிறது? பெஞ்சு இருக்கிறது. பெஞ்சில் யார்? என் மகன்!

"அங்கிள், பந்து வலது பக்கம். அங்கிள், பந்து!" என்று டைரக்டரம்மா கெஞ்சுவது ஒருமுறை ஒலிபரப்பிலேயே கேட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்தவரிடம் கேட்டேன். "ஏங்க, கேமரா ஏன் அப்பப்ப இடது பக்கம் போகுது?"

"காத்து."

"காத்தா?"

"மேல காத்து அதிகம். உனக்கென்ன தெரியும், கீழ நிக்கறவளுக்கு?"

காற்றாம்! மேற்கிலிருந்து அடித்தாலும் கிழக்கிலிருந்து அடித்தாலும் என் மகன் இருக்குமிடத்தைத் தேடிப் போகிற காற்று! நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பார்க்க எனக்கும் பிடித்திருந்தது!

அரையிறுதி ஆட்டம் வந்தது. ஆட்டம் முடிகிற நேரம் எதிரணிக்குப் பெனால்டி. ஒரே ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறோம், அது கோலானால் எல்லாம் வீண். எதிரணிக்காரன் பின்னால் நகர்ந்து நிற்கிறான். சுவர் கோட்டின் மேல் கையை விரித்து நிற்கிறான். நான் கைபேசியைக் கண்ணருகே தூக்கிக்கொள்கிறேன். அப்போது, அன்பர்களே, அந்தக் காற்று அடித்தது.

திரையில் பெஞ்சு, நட்டநடுவில் என் மகன் முகம். பின்னணியில் மைதானமே அதிர்கிறது. பெஞ்சில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் துள்ளி எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள். சுவர் பிடித்துவிட்டான், நம் பள்ளி இறுதிக்குப் போய்விட்டது! ஒருவன் மட்டும் எழவில்லை. கை தட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அவன் கண்ணில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பார்த்த அத்தனை பேருக்கும் புரிந்தது.

கடை வாசலில் நிழல் விழுந்தது. பேக்கரிக்காரர். கை முழுக்க மாவு, மாவுக் கையில் கைபேசி.

"தங்கச்சி, என் போன்ல என்னமோ கோளாறு. பையன் பெனால்டியப் பிடிச்சானாம், கத்தறாங்க. எனக்கு உங்க பையன்தான் தெரியறான். உங்க போன்ல வந்துச்சா?"

என்ன சொல்வேன்? "இல்லண்ணே, எனக்கும் வரல" என்றேன். அவர் நின்றார். என் கைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓ" என்றார். அந்த ஓர் எழுத்தோடு போய்விட்டார். அடுப்பை விட்டு அசைய முடியாத ஒரு தகப்பன், தன் பிள்ளை வாழ்க்கையில் பிடித்த பெரிய பந்தைப் பார்க்கவே இல்லை. இந்த நேரலை யாருக்காக ஏற்பட்டது? அவருக்காகத்தானே?

அந்தத் துண்டுக் காட்சி மாணவர்களின் கைபேசிகளில் பறந்தது. என் மகன் முகத்துக்குக் கீழே என்னென்னவோ கேலி எழுதினார்கள். அவன் வீட்டுக்கு வந்தான், பையை வைத்தான், அப்பாவின் எதிரே நின்றான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்பா, எனக்குப் பொறாமைதான். இல்லேன்னு சொல்லல. ஆனா அதை நான் யாருக்கும் தெரியாம உள்ள வெச்சிருந்தேன். நீங்க எல்லாருக்கும் காட்டிட்டீங்க."

பெரியவர்களே! பிள்ளையை உலகத்துக்குக் காட்ட ஆசைப்பட்டவர் எதைக் காட்டிவிட்டார் பாருங்கள்! என் கணவர் சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார். தட்டில் இருந்தது ஆறிப்போனது.

மறுநாள் பள்ளிக்குப் போனார். விலகிக்கொள்கிறேன் என்று அவர் சொல்வதற்கு முன்பே டைரக்டரம்மா சொல்லிவிட்டார். பெரியவரிடம் சொல்கிறோமே என்று குரல் நடுங்கியதாம், ஆனாலும் சொன்னார். "அங்கிள், தப்பா நினைக்காதீங்க. ஃபைனலுக்கு நீங்க கேமரா வேண்டாம். நாங்க பாத்துக்கறோம்."

"சரிம்மா. வயர் சுத்தறதுக்கு ஆள் இருக்கா?"

"இல்ல அங்கிள்."

"அப்ப நான் வரேன்."

அப்படியே பேக்கரிக்கும் போய் நின்றார். என்ன பேசினார்களோ தெரியாது. திரும்பி வந்தவர், "திட்டினார். நல்லாவே திட்டினார்" என்றார். எனக்கு அதில் ஒரு நிம்மதி.

இறுதிப் போட்டி. கடையைப் பூட்டிவிட்டு நான் மைதானத்துக்கு வந்தேன். பேக்கரிக்காரரும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். மைதான ஓரத்தில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நின்றோம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. டைரக்டரம்மா கணினியை இன்னொரு மாணவியிடம் ஒப்படைத்துவிட்டு, மேலே ஏறித் தானே கேமராவைப் பிடித்தார். என் கணவர் பக்கத்தில் நின்று கேமராவுக்குக் குடை பிடித்தார். சாரல் மைதானப் பக்கமிருந்து அடித்தது. குடையை அந்தப் பக்கமே சாய்த்தாக வேண்டும். குடைக்குக் கீழே கேமராவுக்கு மட்டும் இடைவெளி. அவருக்கோ கண் முன்னால் கறுப்புத் துணி!

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம். ஒரு மோதல். சுவர் கீழே விழுந்தான், எழவில்லை, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு துடித்தான். பெஞ்சிலிருந்து என் மகன் கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தான். அந்த நொடியில் என் நெஞ்சு துள்ளியது. ஆம், துள்ளியது! ஒரு தாயின் பிள்ளை சேற்றில் கிடக்கிறான், இன்னொரு தாயின் நெஞ்சு துள்ளுகிறது. பக்கத்தில் பேக்கரிக்காரர் தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்தார். தொண்டை கிழியக் கத்தினார், "தம்பி, பயப்படாதடா! முன்னால ஏறி நில்லுடா!"

யாரைப் பார்த்து? என் மகனைப் பார்த்து! அதுவரை அவர் மகன் மேல் பொறாமைப்பட்டவள், அப்போது அவர் மேலேயே பொறாமைப்பட்டேன். அந்தக் குரல் அவருக்கு எங்கிருந்து வந்தது? எனக்கு ஏன் வரவில்லை?

குழாய் மேடையில் நடந்ததை நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள், மைக் திறந்தே இருந்ததால்.

"அங்கிள், உங்க பையன் இறங்கறான்! வாங்க, நீங்க எடுங்க. நான் குடை பிடிக்கறேன்."

"வேண்டாம்மா. நான் எடுத்தா அவன் மட்டும்தான் தெரிவான். மேட்ச் தெரியாது. நீயே எடு."

"அப்ப குடையைக் கொஞ்சம் தூக்கிட்டாவது பாருங்க."

"தூக்கினா கேமரா நனையும். நீ பந்தைப் பாரும்மா."

பையன் வாழ்க்கையில் ஆடிய முதல் பெரிய ஆட்டம். பெற்ற தகப்பன் ஈரத் துணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அவர் தாங்க முடியாமல் கேட்கிறார்.

"பிடிச்சானா?"

"தட்டி விட்டுட்டான் அங்கிள்!"

"எந்தப் பக்கம் பாய்ஞ்சான்?"

"அங்கிள், பேசாதீங்க, மைக் ஆன்ல இருக்கு!"

இன்னும் சற்று நேரத்தில் மறுபடி ஓர் இரைச்சல். இது எதிர்ப்பக்கத்து இரைச்சல். "விட்டுட்டானா?" என்று கேட்டார். அந்தப் பெண் பந்தோடு கேமராவை நடுக்கோட்டுக்குத் திருப்பினார்.

தோற்றோம். கோப்பை நம் பள்ளிக்கு வரவில்லை. ஆனால் விசில் ஊதும்வரை பந்து ஒருமுறைகூடத் திரையை விட்டு விலகவில்லை. அடுப்படியிலும் அலுவலகத்திலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் இருந்து பார்த்தவர்கள் முழு ஆட்டத்தையும் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தப் பதிவை ஓடவிட்டோம். அரையிறுதிக்குப் பிறகு அப்பாவும் மகனும் ஒரு நாற்காலிக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான். அந்தப் பந்து வந்தது. என் மகன் வலது பக்கம் பாய்ந்தான், விரல் நுனியால் தள்ளினான். அவ்வளவுதான்! கேமரா பந்தோடு போய்விட்டது. போகத்தானே வேண்டும்?

என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இன்னும் ரெண்டு செகண்டு வெச்சிருக்கக் கூடாதா அந்தப் பொண்ணு!"

கத்திய பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியது. மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

"அப்பா, பந்து அந்தப் பக்கம் போயிடுச்சுப்பா."

"தெரியுதுடா. இருந்தாலும்..."

"இருந்தாலும்?"

"இதை நேர்ல பாத்தாங்களே, அத்தனை பேர் மேலயும் எனக்குப் பொறாமையா இருக்குடா."

மகன் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினான். மறுபடி பாய்ந்தான். மறுபடி ஓட்டினான். மறுபடி பாய்ந்தான். என் கணவர் கண்ணைத் துடைக்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சுவரின் மணிக்கட்டு ஆறிவிட்டது. அடுத்த பருவத்தில் கோலில் யார்? விளையாட்டு ஆசிரியருக்குத்தான் தெரியும். யார் நிற்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன் என்பது உங்களுக்கே தெரியும். அதோ, பேக்கரிக்கார அண்ணன் தலையை ஆட்டுகிறார். அவர் விருப்பமும் எனக்குத் தெரியும்!

அன்புத் தாய்மார்களே! அருமைத் தந்தைமார்களே! நேரலைக் குழுவுக்கு இன்னும் பெற்றோர்கள் வேண்டும். மேடை கட்ட ஆள் வேண்டும், வயர் சுற்ற ஆள் வேண்டும், குடை பிடிக்க ஆள் வேண்டும். "எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லையே" என்று ஒதுங்கி நிற்கிறீர்களா? யாருக்கு இருக்கிறது? இந்த மேடையில் நிற்கும் எனக்கு இருக்கிறதா? மாசற்ற மனம் உள்ளவர்கள் மட்டும்தான் வர வேண்டும் என்றால், அந்தக் குழாய் மேடை காலியாகத்தான் கிடக்கும். ஆட்டம் நடக்கும், பார்க்க ஆளிருக்கும், காட்ட ஆளிருக்காது! வாருங்கள்! அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து வயிறு எரிகிறதா? எரியட்டும், வாருங்கள்! உங்கள் பிள்ளை பெஞ்சில் இருக்கிறானா? இருக்கட்டும், வாருங்கள்! நெஞ்சில் பொறாமை இருக்கிறதா? அதையும் கூட்டிக்கொண்டே வாருங்கள்! வந்து, பந்தைக் காட்டுங்கள்!

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், நடுங்கும் குரலில் நியாயம் சொன்ன மாணவிக்கும், திட்ட வேண்டிய நேரத்தில் திட்டி, கத்த வேண்டிய நேரத்தில் கத்திய பேக்கரிக்கார அண்ணனுக்கும், மூன்றாவது வரிசையில் இன்னும் வியர்த்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.