இருட்டினா கதவு தொறக்காது

இல்லண்ணே, சும்மா தட்டாதீங்க. பொழுது சாஞ்சா இந்தக் கோட்டைக் கதவத் தொறக்கக்கூடாது. எங்க கேப்டன் ஹாலோவேயோட உத்தரவு. உங்க மண்டான் பழங்குடி ஆளுங்களுக்கு மட்டுமா இந்தச் சட்டம்னு கேக்காதீங்க, யாரா இருந்தாலும் அப்படித்தான்.

என்னது, வறுத்த சோளமா? எருமைக் கொழுப்பு ஊத்தியா? அய்யோ, வாசம் தூக்குதேண்ணே... இருந்தாலும் உத்தரவு உத்தரவுதான். அமெரிக்காவே எங்கள நம்பி மேக்குக் கடலுக்கு வழி பாக்க அனுப்பிருக்கு. பனி உருகி மிசூரி ஆத்துல படகு விடுற வரைக்கும் இந்தக் கோட்டைதான் எங்களுக்குக் காவல்.

யாருகிட்டருந்தா? உங்ககிட்டருந்துதான், கோவிச்சுக்காதீங்க. ஆமாமா, கட்டும்போது மரம் தூக்கி விட்டதும் நீங்கதான். அந்தப் பீரங்கி உங்க ஊரப் பாத்துத்தான் நிக்குது. பயப்படாதீங்க, அதுல என் ஈரக் காலுறையக் காயப் போட்டிருக்கேன்.

வேட்டைக்குப் போனவங்கள எப்படி உள்ள விட்டேனா? எங்க விட்டேன்? இந்த ஊர்ல விடிஞ்ச சுருக்குல இருட்டிடுதே! மொதல்ல பாஸ்கால் எருமைத் தொடையோட வந்தான். இருட்டிடுச்சு, போடான்னேன். அப்புறம் சமையக்காரன், தண்ணி மொள்ளப் போனவன். அடுத்து வந்த சார்ஜன்ட் வெளிய நின்னு என் அப்பன் ஆத்தாள எல்லாம் இழுத்துத் திட்டினாரு. நான் அசையல.

கேப்டனா? அவரும்தான். உங்க தலைவரோட ஒக்காந்து புகை குடிச்சிட்டு நேரங்கழிச்சு வந்தாரு. நான்தான்டா கேப்டன், தொறடான்னாரு. உத்தரவு போட்டதே நீங்கதானய்யான்னேன். சரிடான்னு திரும்பிப் போயிட்டாரு.

எங்க, உங்க வீட்லயா இருக்காரு? அடுப்புப் பக்கத்துலயா? உங்க மாமியா கையால பூசணிக் கஞ்சியா? பகல்ல வரலாமேண்ணே! மத்த எல்லாரும் அங்கதானா? அவங்களும் வரலாமே! ...எந்திரிச்சு வர மனசு வரலியாமா? அடப்பாவிங்களா.

உள்ள இன்னும் யாரு இருக்காங்களா? படை ரகசியத்தக் கேக்கறீங்களே... சரி, உங்ககிட்ட என்ன. யாருமில்லண்ணே. நான் மட்டுந்தான். நேத்து நானே யாரதுன்னு அதட்டி, நானே நான்தான்னு பதில் சொல்லிக்கிட்டேன். பயமா இருக்குண்ணே. பசி வேற.

உங்களோட வரவா? நெசமாவா? அடுப்பாண்ட இன்னொருத்தன் படுக்க எடம் இருக்கா?

கதவா? அதத் தொறக்கக்கூடாதுண்ணே, எத்தன வாட்டி சொல்றது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சுவரேறிக் குதிக்கிறேன். சுவரப் பத்தி கேப்டன் ஒண்ணும் சொல்லல. சோளத்தக் கொட்டிடாதீங்க.