மூன்றில் இரண்டு

இமோஜென் செய்துகொண்டு வரும் லாமிங்டன் கேக் நன்றாகவே இருக்கும். அதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஆஸ்திரேலியாவின் வொலங்காங்கில் எங்கள் ஆய்வகத்தின் வாயுப் பாதுகாப்பு இருபத்தாறு வருடம் என் பொறுப்பு. பாஸ்பீன் என்ற நச்சு வாயு துளி கசிந்தாலும் அழுகிய மீன் நெடி வரும். கருவிக்கு முன்னால் என் மூக்கு சொல்லிவிடும். "உள்ள போறதுக்கு முன்னாடி லெஸ்ஸக் கேட்டுக்கோ" என்பார்கள். பிறகு இமோஜென் வந்தாள். முப்பத்தொரு வயது. ஒரே அறையில் மூன்று சென்சார்கள் வைத்தாள். கசிவு என்று இரண்டு ஒத்துச் சொன்னால் வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஒன்று மட்டும் மாற்றிச் சொன்னால் அது பழுது என்று திரையில் வரும். ஒன்று கெட்டாலும் வேலை நிற்காது. நல்ல யோசனை. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் தேநீர் வேளையில் மேலாளர் ரஸல் என் முதுகில் தட்டினார். "இனி உன் மூக்குக்கு வேலையில்ல லெஸ். வீட்ல போய் ரோஜாவ மோந்துக்கிட்டு இரு."

எல்லோரும் சிரித்தார்கள். இமோஜென் சிரிக்கவில்லை. "சும்மா இருங்க ரஸல். அவர் மூக்க நம்பித்தான் நான் சென்சாருக்கு எச்சரிக்கை அளவே வச்சேன்" என்றாள்.

எனக்காகப் பரிந்து பேசினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் ஒரே ஒருமுறை தோற்க வேண்டும் என்று நினைத்தேன். சென்ற புதன்கிழமை அவளுக்குக் கடும் சளி. "ஒரு வாசனையும் தெரியல லெஸ். காபி கூட வெந்நி மாதிரி இருக்கு" என்றாள். வியாழன் காலை எல்லோருக்கும் முன்னால் வந்தேன். இரண்டு சென்சார்களுக்கு வாயு புகாதபடி மூடி போட்டேன். வாயுக் குழாயின் இணைப்பைத் தளர்த்தினேன்.

ஒன்பது மணிக்கு, மூன்றாவது சென்சார் பழுது என்று திரையில் வந்தது.

"மத்த ரெண்டும் ஜீரோதான் காட்டுது. இத மாத்திட்டு வந்துடறேன்" என்று புது சென்சாரை எடுத்துக்கொண்டு போனாள். முகமூடி கொக்கியிலேயே தொங்கியது. நான் நினைவூட்டவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். முதலில் இருமினாள். பிறகு அந்த மூடிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையால் வால்வை மூடும் சிவப்புப் பிடி என் தோளருகே இருந்தது. அவள் விழுந்த பிறகும் நான்கு நிமிடம் அது அப்படியே இருந்தது.

நான் அவளைத் தொடவே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் செய்த அமைப்பு எப்படியும் அவளைக் காப்பாற்றிவிடும் என்று கடைசி நொடிவரை நம்பி நின்றவன், அங்கே நான் ஒருவன்தான்.